குறிக்காதே

திருச்செங்கோடு, சங்ககிரி ரோடு.
ரிக் வண்டிகள் கழுத்தை மடக்கிப் படுத்திருக்கும்
பட்டறைக்குப் பின்னால் ஒரு ஏசி அறை.
அதில் நான், என் மடிக்கணினி, ஆறிப்போன டீ.

“எட்டு மாசமாச்சுங்க.
ஹேமர் பிட்டுன்னு அடிச்சா எங்க பேரே வரமாட்டேங்குது.
ஈரோட்டுக்காரன் வர்றான், ஐதராபாத்காரன் வர்றான்.
போன அமாவாசைக்குப் பூசணிக்காகூட சுத்தி உடைச்சமுங்க”
என்றார் செங்கோட்டுவேலு.
வாசல்படியில் இன்னும் விதைகள் ஒட்டியிருந்தன.

பக்கத்தின் மூலத்தைத் திறந்தேன்.
பதினான்காம் வரி.
தளம் கட்டும்போது யாரும் எட்டிப் பார்க்காதிருக்க
ரூபேஷ் என்றொரு பையன் தொங்கவிட்ட சாக்குத் திரை:
குறிக்காதே.
கட்டி முடித்தான், காசு வாங்கினான், ஓசூருக்குப் போய்விட்டான்.
பால் காய்ச்சிக் குடிவந்த பிறகும்
திரையை ஒருவரும் அவிழ்க்கவில்லை.
தேடுபொறியின் சிலந்தி வராமலில்லை.
வந்திருக்கிறது, வாசித்திருக்கிறது,
எழுதியிருந்த சொல்லுக்கு மரியாதை கொடுத்து
ஒன்றையும் ஏட்டில் ஏற்றாமல் திரும்பியிருக்கிறது.

“எதிரி ஒருத்தருமில்லீங்க, ஒரு வரிதான்” என்றேன்.
அவர் நம்பவில்லை.

அழித்தேன். ஒன்றை அழித்தால் இன்னொன்று தெரியும்.
ஆறரை இஞ்ச் பிட் ஒன்றுக்கு நான்கு முகவரி,
ஒரே ஆளுக்கு நாலு ரேஷன் கார்டு மாதிரி.
ஒன்றை மட்டும் அசல் என்று முத்திரை வைத்தேன்.
பழைய விலைப்பட்டியல் புதியதைக் கைகாட்ட,
புதியது பழையதையே கைகாட்ட,
பள்ளிபாளையத்துக்கும் சங்ககிரிக்கும் நடுவே
வாங்க வந்தவன் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறான்.
முகப்பில் ஆயுத பூஜைப் படம்: மாலை போட்ட வண்டி,
பதினோரு எம்பி.
“சின்னதாக்குனா மாலை தெரியுமுங்களா?”
தெரியும் என்றேன். தெரிந்தது.

“நாளைக்கே வந்துருமுங்களா?”
அந்த ஊரில் அதற்குப் பதில் சொல்வது எளிது.
எண்ணூறு அடிக்கும் புகைதான் வரும், பொறுங்க என்றேன்.
முதல்முறையாகத் தலையாட்டினார்.

மூன்றாம் நாள் சர்வரின் லாக் கோப்பை உருட்டினேன்.
கேட்ட பக்கம் இருந்தால் இருநூறு,
இல்லையென்றால் நானூற்று நாலு.
நானூற்று நாலுகள் மழைக்கால ஈசல்போல. பெரும்பாலும் எந்திரங்கள்.
ஒன்று மட்டும் ஒரே கைபேசி,
தினமும் இரவு ஒன்பதேகால்,
ஒரே பக்கம்: வண்டி-7.

கணக்குப் பார்க்கும் இந்திராணியைக் கேட்டேன்.
“எந்த வண்டி எந்த ஊர்ல நிக்குதுன்னு முந்தி ஒரு பக்கம் இருந்துச்சுங்க.
யாவாரத்துக்கு ஆகாதுன்னு எடுத்துட்டாங்க.
ஏழு இப்ப சத்தீஸ்கர்ல, காட்டுக்குள்ள. டவர் கிடைக்காது.
டிரில்லர் பூபதி, மல்லசமுத்திரம்.
கண்ணாலமாகி ஒரு வருசங்கூட ஆகலீங்க.”

எட்டு மாதம். ஒன்பதேகால்.

என் தொழில் கணக்கில் அது பூச்சியம்.
யாரும் தேடாத சொல், யாரும் இணைப்புத் தராத முகவரி,
சைட்மேப்பில் ஒரு வரிக்கும் தகுதியில்லை.
காப்புக் கோப்பிலிருந்து எடுத்து நிறுத்தினேன்.
இந்திராணி சாட்டிலைட் கருவியைப் பார்த்துப் படித்தாள்:
வண்டி 7. மூன்றாவது பாயிண்ட் முடிந்தது.
நாளை வடக்கே நாற்பது கிலோமீட்டர். எல்லோரும் நலம்.
கடைசி இரண்டு சொல் கருவியில் இல்லை,
மேஸ்திரியிடம் கேட்டுச் சேர்த்ததாம்.

ஊருக்கெல்லாம் காட்ட இது கடைச்சரக்கில்லை.
அதனால் பக்கத்தின் தலையில்
முந்தாநாள் அழித்த அதே வரியை
இம்முறை தெரிந்தே எழுதினேன்:
குறிக்காதே.

அன்றிரவு செங்கோட்டுவேலு வாட்ஸப்பில் கேட்டிருந்தார்,
பிட் இப்போது எத்தனையாம் இடம் என்று.
எங்குமில்லை. புகைதான், என்று போட்டேன்.
லாக் ஓடிக்கொண்டிருந்தது.

ஒன்பது பதினான்கு.
ஒன்பது பதினைந்து.

ஒன்பது பதினாறு,
வண்டி-7,
இருநூறு.